கடல் மட்டத்திற்குக் கீழே ஒரு தலைநகர்

தென் அமெரிக்கா என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன கால்பந்தும் காப்பியும் அமேசான் காடும்தாம். அக்கண்டத்தின் வடக்குக் கரையில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி, வேப்பிலையும் தப்பும் கொண்டு மாரியம்மனை வழிபடும் மக்கள் வாழும் நாடு ஒன்று உண்டு என்றால் வியப்பாகத்தான் இருக்கும். அந்நாடு கயானா, அதன் தலைநகர் ஜார்ஜ்டவுன். அந்நகரை நேரில் கண்டவன் அல்லன் நான். நூல்களில் படித்து அறிந்தவன். எனினும் அங்கே செல்லும் ஒரு தமிழன் எதைக் காண வேண்டும், எந்த மனத்தோடு காண வேண்டும் என்பது குறித்து எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை இம்மலரின் வாயிலாக ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்க விழைகிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். கயானாவின் பரப்பு ஏறத்தாழ 2,15,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழகத்தைவிடப் பெரிய நாடு. ஆனால் 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டின் மொத்த மக்கள்தொகை ஏழரை இலட்சத்தைத் தொடவில்லை. 2011-இல் நம் திண்டுக்கல் மாவட்டத்தில் மட்டும் 21 இலட்சத்து 59 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். அதாவது, நம் மாவட்ட மக்களில் மூன்றில் ஒரு பங்கினரே ஒரு முழு நாடாக அங்கே அமைந்திருக்கின்றனர். தலைநகரோ சுற்றுப்புறங்களையும் சேர்த்து 1 இலட்சத்து 18 ஆயிரம் பேர் வாழும் ஊர். நம் திண்டுக்கல் நகரை விடவும் சிறியது! எனினும் அது தலைநகர். நாடாளுமன்றம் அங்கே இருக்கிறது. கரீபிய நாடுகளின் கூட்டமைப்புச் செயலகமும் அங்கேதான் இருக்கிறது.

நகரத் தோற்றம்

விமான நிலையம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து டெமராரா ஆற்றின் கரையோரமாகவே சாலை வருகிறது. இந்த ஆற்றின் பெயரைத் தாங்கிய பழுப்புச் சர்க்கரை உலகப் புகழ் பெற்றது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நகர் அமைந்துள்ளது.

நகரின் முதல் அழகு மரம். கல் கிடைக்காத களிமண் கரையாதலின் வீடுகளையும் அரசு மாளிகைகளையும் கோயில்களையும் மரத்தாலேயே கட்டினார்கள். வெள்ளம் புகாதிருக்கத் தூண்களின் மேல் வீட்டை உயர்த்தினார்கள். காற்று புகச் சாளரங்களில் சாய்சட்டங்களை அமைத்தார்கள். 1892-இல் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்ட புனித ஜார்ஜ் பேராலயம் முழுவதும் மரம். உயரம் 43 மீட்டருக்குக் குறையாது. உலகின் உயர்ந்த மரக்கட்டடங்களுள் ஒன்று. கருங்கற் பாறையின் மேல் கோட்டை கண்டு பழகிய நமக்கு, மரத்தால் ஒரு தலைநகரையே கட்டலாம் என்பது புதுச் செய்தி. மரமாதலின் நெருப்புக்கும் இரையாயிற்று. 1945-ஆம் ஆண்டின் பெருந்தீ நகரின் ஒரு பகுதியையே விழுங்கியது.

ஆற்றங்கரையில் இரும்பால் எழுப்பிய ஸ்டாப்ரூக் அங்காடி 1881-ஆம் ஆண்டினது. அதன் மணிக்கூண்டு நகரின் அடையாளம். 1889-இல் எழுந்த நகர மன்றக் கட்டடம், தாவரவியல் பூங்கா, அல்லிக் குளங்கள் என்று காட்சிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். வழிகாட்டி நூல்கள் இவற்றோடு நின்றுவிடும். நாம் நிற்கலாகாது.

நீரைக் கற்க வேண்டிய நகர்

ஜார்ஜ்டவுன் கடலின் ஏற்ற மட்டத்திற்குக் கீழே உள்ள நகர். கடல் பொங்கும் வேளையில் அலையின் தலை நகரின் தெருவைவிட உயரத்தில் நிற்கும். அதைத் தடுத்து நிற்பது ஒரு நெடுஞ்சுவர். அச்சுவரின் நகரப் பகுதியைக் கட்டும் பணி 1855-இல் தொடங்கி 1892 வரை நீண்டது. இன்று மாலை வேளைகளில் மக்கள் காற்று வாங்க உலாவும் இடம் அதுவே.

சுவர் கடலைத் தடுக்கும். மழை நீரை என்ன செய்வது? ஆண்டிற்கு இரண்டு மழைக்காலங்கள். ஏறத்தாழ 2,300 மில்லிமீட்டர் மழை. நம் பகுதியில் பெய்வது அதில் பாதியும் இல்லை. அந்நீரை வெளியேற்ற ஒல்லாந்தர் காலத்திலேயே தெருவுக்குத் தெரு கால்வாய் வெட்டினார்கள். கால்வாய் கடலைச் சேருமிடத்தில் மதகு வைத்தார்கள். அதை ‘கோக்கர்’ என்பர். கடல் வற்றும் வேளையில் மதகைத் திறந்தால் உள்நீர் தானே வெளியேறும். கடல் ஏறும் வேளையில் மூடிவிட வேண்டும். நாளொன்றுக்கு இருமுறை இப்படி. மதகுக்காரன் ஒருவன் அயர்ந்தால் ஊர் மூழ்கும்.

நம் ஊர் மதகு வேறு. இங்கே குளத்து மதகும் கண்மாய் மடையும் நீரைத் தேக்கி, அளந்து வயலுக்கு விடுவதற்கு. அங்கே மதகு நீரைத் துரத்துவதற்கு. நோக்கம் எதிரெதிர், ஆயினும் நீதி ஒன்றே. வாய்க்காலைத் தூர்த்தவனை நீர் மன்னிப்பதில்லை. ஜார்ஜ்டவுனில் பல கால்வாய்கள் மூடப்பட்டு அகன்ற சாலைகளாயின. எஞ்சியவற்றில் குப்பை நிறைந்தது. 2005 சனவரியில் அடைமழை பெய்தபோது தலைநகரும் அதன் கிழக்குக் கரையோர ஊர்களும் நாட்கணக்கில் நீரில் நின்றன. அந்த ஒரு வெள்ளத்தின் இழப்பு நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பில் பாதிக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டது. குளம் சுருங்கி, வரத்து வாய்க்கால் அடைபட்டு, தோல் ஊறிய கழிவால் கிணற்று நீர் கெட்ட துயரத்தை அறிந்த திண்டுக்கல்லுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறெங்குக் கிடைக்கும்? அவர்களுக்கு மிகுதியால் துன்பம். நமக்குக் குறைவால் துன்பம். இரண்டிற்கும் வேர் வாய்க்காலை மறந்த மறதியே.

யார் கட்டிய நகர்?

நம் மலைக்கோட்டையை நாயக்க மன்னர் கட்டினார் என்று படிக்கிறோம். கல்லைத் தூக்கிச் சுமந்தவன் பெயரைப் படித்ததுண்டா? ஜார்ஜ்டவுனைப் பற்றிய நூல்களும் அப்படியே பேசுகின்றன: ஒல்லாந்தர் கால்வாய் வெட்டினர், ஆங்கிலேயர் மாளிகை எழுப்பினர் என்று. 1812-இல் ஆங்கிலேயர் தம் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை நகருக்குச் சூட்டினர். அதற்கு முன் அதன் பெயர் ஸ்டாப்ரூக். அதுவும் ஓர் ஒல்லாந்துப் பிரபுவின் பட்டத்தால் வந்த பெயரே.

உண்மையில் கடலைத் தள்ளி நிலத்தை மீட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அக்கரையோரத் தோட்டங்களை உண்டாக்க அவர்கள் வெறுங்கையாலும் மண்வெட்டியாலும் அப்புறப்படுத்திய ஈரக் களிமண் 10 கோடி டன் என்று கயானாவின் வரலாற்றறிஞர் வால்டர் ராட்னி எடுத்துக்காட்டினார். 1980-இல் அந்நகரிலேயே வெடிகுண்டுக்குப் பலியான அவ்வறிஞரின் பெயரை இன்று நாட்டின் ஆவணக்காப்பகம் தாங்கி நிற்கிறது. 1763-இல் கஃபி என்னும் அடிமை வீரன் தலைமையில் எழுந்த கிளர்ச்சிக்கு நகரின் நடுவே ஒரு வெண்கலச் சிலை உண்டு. ஜார்ஜ்டவுன் சென்றால் மணிக்கூண்டைப் பார்ப்பதற்கு முன் அச்சிலையைப் பார்ப்பதே முறை என்பேன்.

அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கவலை பிறந்தது: மலிவான உழைப்புக்கு எங்கே போவது? பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன் அக்கவலைக்கு இந்தியாவில் மருந்து கண்டார். 1838 மே 5-ஆம் நாள் ‘விட்பி’, ‘ஹெஸ்பரஸ்’ என்னும் இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து இந்தியக் கூலிகளை அங்கே கொண்டு சேர்த்தன. ஆப்பிரிக்கருக்கு முழு விடுதலை கிடைத்தது அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாள். ஒரு விலங்கு கழல்வதற்கு முன்பே மற்றொரு விலங்கு வந்திறங்கிவிட்டது.

1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. ஒப்பந்தக் கூலிமுறை 1917-இல் நிறுத்தப்படும் வரை கயானாவில் இறங்கிய இந்தியர் ஏறத்தாழ 2 இலட்சத்து 39 ஆயிரம் பேர். அவர்களுள் சென்னை வழியே சென்ற தமிழரும் தெலுங்கரும் சுமார் 15 ஆயிரம். அத்தனை பேருக்கும் அங்கே ஒரே பெயர்: ‘மதராசி’. ஐந்தாண்டு ஒப்பந்தம், சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே வரக் கூடாது, வேலைக்கு வராவிட்டால் சிறை. ஊர் திரும்பியவர் மூன்றில் ஒரு பங்கும் இல்லை.

எஞ்சியது எது?

ஜார்ஜ்டவுனிலிருந்து கிழக்கே பெர்பிஸ் பகுதிவரை சென்றால் கரும்புத் தோட்டங்களை ஒட்டிய சிற்றூர்களில் மாரியம்மன் கோயில்களைக் காணலாம். அங்கே அவள் பெயர் ‘மாரியம்மா’. வழிபாட்டின் பெயர் ‘காளிமாய்ப் பூசை’. மதுரைவீரன் இருக்கிறார், சங்கிலிக் கருப்பன் இருக்கிறார், முனீசுவரன் இருக்கிறார், காட்டேரியும் இருக்கிறாள். ‘தப்பு’ என்ற பெயரிலேயே தப்பு ஒலிக்கிறது, உடுக்கை அடிக்கிறார்கள், கரகம் எடுக்கிறார்கள், வேப்பிலை ஏந்திச் சாமியாடுகிறார்கள். வத்தலக்குண்டிலிருந்தோ வேடசந்தூரிலிருந்தோ ஒருவரை அழைத்துச் சென்று அங்கே நிறுத்தினால், தம் ஊர் எல்லைச் சாமிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டிவிடுவார்.

ஆனால் அவரால் அங்குள்ளோரிடம் தமிழில் ஒரு சொல் பேச முடியாது. தமிழ் பேச்சுமொழியாக அங்கே மறைந்துவிட்டது. நாட்டின் ஆட்சிமொழி ஆங்கிலம். மக்கள் மொழி அதன் கிரியோல் வடிவம். பூசையில் பாடும் பாடல்களில் தமிழ்ச் சொற்கள் உண்டு; பாடுவோர் பலருக்குப் பொருள் தெரியாது. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களோ குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. மேற்கிந்தியத் தீவுகளின் அணியில் 2012-இல் முதல் டெஸ்ட் ஆடிய கயானா வீரர் வீராசாமி பெர்மால். நம் பெருமாளே அவர் பெயரில் இருக்கிறார். 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராயிருந்த மோசஸ் நாகமுத்து, தம் ஊரின் மதராசி மீனவர் வாழ்வை ஆங்கிலத்தில் ஒரு நாவலாகவும் எழுதியவர்.

இவ்விடத்தில்தான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். இத்தகைய செய்திகளைக் கேட்டவுடன் நம்மிடையே இரண்டு வகை உணர்ச்சிகள் எழுகின்றன. இரண்டும் தவறானவை என்பது என் துணிபு.

முதலாவது, வெற்றுப் பெருமை. ‘கடல் கடந்தும் கொடி நாட்டினான் தமிழன்’ என்று மேடையில் முழங்குவது நமக்கு எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கரும்புத் தோட்டத்திற்குச் சென்றவன் கொடி கொண்டு சென்றவன் அல்லன். ஔவையின் அறிவுரை கேட்டுச் செல்வம் தேடக் கப்பலேறியவனும் அல்லன். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் பின்னாலிருந்து தள்ள, ஆள் பிடிக்கும் தரகன் முன்னாலிருந்து இழுக்கச் சென்றவன். போகும் இடத்தின் பெயரைக்கூடச் சரியாக அறியாதவன். சோழன் கப்பலையும் கூலிக் கப்பலையும் ஒரே மூச்சில் பாடுவது, அவன் பட்ட பாட்டை அழித்துவிடுவதாகும். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடிய பாரதி பெருமையா பேசினான்? கண்ணீர் அல்லவா வடித்தான்!

இரண்டாவது, குறைகூறும் இரக்கம். ‘ஐயோ, தாய்மொழியை மறந்துவிட்டார்களே’ என்று வருந்துவது. மறந்தார்களா, மறக்கடிக்கப்பட்டார்களா? பல்லாயிரம் வட இந்தியரிடையே சிதறிய சிறு கூட்டம், பள்ளியில் ஆங்கிலம், தோட்டத்தில் கிரியோல். தோட்ட முதலாளி ‘மதராசி உழைக்க மாட்டான்’ என்று இழித்தான். உடன் வந்த இந்தியரிலேயே சிலர் ‘பலியிடும் கூட்டம்’ என்று ஒதுக்கினர். இத்தனை இழிவுக்கும் நடுவே நான்கைந்து தலைமுறையாகத் தப்பையும் உடுக்கையையும் விடாமல் காத்தவர்களை நாம் குறை சொல்வதா? இங்கே வீட்டுக்குள் இருந்துகொண்டே பிள்ளையிடம் தமிழ் பேசக் கூசுவோர் முதலில் தம்மைப் பார்த்துக்கொள்ளட்டும். தப்படிக்கும் கைக்கு இங்கே நாம் தரும் மதிப்பு என்ன என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘அவர்கள் உயர்ந்துவிட்டார்கள் அல்லவா, பெருமைப்பட்டால் என்ன?’ என்று நண்பர் ஒருவர் கேட்கலாம். உயர்ந்தார்கள், ஆனால் தனியே உயரவில்லை. 1948-இல் தலைநகருக்குக் கிழக்கே என்மோர் தோட்டத்தில் ஐந்து தொழிலாளர் சுடப்பட்டு இறந்தனர். அவர்களின் நினைவே செட்டி ஜகனைப் போன்ற தலைவர்களின் போராட்டத்திற்கு உரமாயிற்று. 1953-இல் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் தேர்தலில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒரே கட்சியாய் நின்று வென்றனர். 133 நாட்களில் அந்த அமைச்சரவையை ஆங்கில அரசு கலைத்தது. பின்னர் இனவாரியாகப் பிளந்து, 1962 முதல் 1964 வரை ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதும் அதே மண்தான். 1966-இல் விடுதலை வந்தபின்னும் அவ்வடு முழுதும் ஆறவில்லை. ஆகவே, அங்கே செல்லும் தமிழன் ‘என் இனம்’ என்று மட்டும் தேடிச் சென்றால் அந்தப் புண்ணைத்தான் கிளறுவான். ஆப்பிரிக்கன் வெட்டிய கால்வாயின் கரையில்தான் மதராசி கரும்பு நட்டான். இருவர் வரலாறும் ஒரே சேற்றில் புதைந்தது.

இன்று அந்நாட்டின் நிலை விரைந்து மாறி வருகிறது. 2015-இல் கடலடியில் எண்ணெய் கண்டனர். 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கினர். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டின் பொருளாதாரம் 60 விழுக்காட்டிற்கும் மேல் வளர்ந்தது. 2024 நவம்பரில் இந்தியப் பிரதமர் ஜார்ஜ்டவுன் சென்று வந்தார். இனி நம்மவர் பலர் வணிகத்திற்காகவும் வேலைக்காகவும் அங்கே செல்லக் கூடும். அவர்கள் எத்தகைய மனத்தோடு செல்கிறார்கள் என்பது அதனால்தான் முக்கியமாகிறது. எண்ணெய் மணக்கும்போது உறவு கொண்டாடப் போகிறவனை எவரும் மதிக்க மாட்டார்கள்.

நாம் செய்யத்தக்கவை

திண்டுக்கல் மாணவனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நம் பகுதி அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. தாது வருடப் பஞ்சக் காலத்திலும் அதன் முன்னும் பின்னும் அம்மாவட்டத்திலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு மக்கள் சாரிசாரியாகச் சென்றனர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்ற குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை! ஜார்ஜ்டவுன் ஆவணக்காப்பகத்தில் கூலிக் கப்பல்களின் பதிவேடுகளைப் பேணுகிறார்கள். பேரப்பிள்ளைகள் வந்து பாட்டன் பெயரைத் தேடுகிறார்கள். இங்கே நம் வீட்டுக் கிழவியின் நினைவில் உள்ளதை எழுதி வைக்கவும் நாம் முன்வரவில்லை. விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு முதியவரிடம் ‘நம் குடும்பத்தில் கடல் கடந்தவர் யார்? திரும்பினாரா?’ என்று கேட்டு எழுதி வந்தால், அதுவே நம் கல்லூரியின் அரிய கருவூலமாகும். வரலாற்றுத் துறை ஆசிரியர்கள் இதை ஏற்று வழிநடத்த வேண்டுகிறேன்.

இன்னொன்று. கடல் கடந்து போன தமிழனைப் பாடும் நாம், கடல் கடந்து வந்த தமிழனை எப்படி நடத்துகிறோம்? 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களில் பலர் கொடைக்கானல் மலைப்பகுதியில் குடியேறினர். போரினால் வந்த இலங்கைத் தமிழர் நம் நகருக்கு அருகே தோட்டனூத்தில் பல்லாண்டுகள் முகாமில் வாழ்ந்தனர். 2022 செப்டம்பரில்தான் அவர்களுக்கென 321 வீடுகள் திறக்கப்பட்டன. அவ்வீடுகளிலிருந்து வரும் மாணவரும் மாணவியரும் நம்மோடு ஒரே பேருந்தில் பயணம் செய்யக் கூடும். அவர்களை ‘முகாம்காரர்’ என்று சுட்டும் நாவுக்கு, ஜார்ஜ்டவுன் மதராசியைத் தன் இனம் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியில்லை.

தென்னாப்பிரிக்காவில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி அடிபட்டு இரத்தம் ஒழுக வந்து நின்றபோது, காந்தியடிகள் அவன் குலத்தையோ மொழித்திறத்தையோ கேட்கவில்லை, வழக்கை எடுத்துக்கொண்டார். அவர் பெயரால் 1947-இல் காந்திகிராமம் எழுந்த மண் இது. நாம் ஜார்ஜ்டவுன் செல்லும் நாள் வரலாம், வராமலும் போகலாம். தோட்டனூத்து நம் ஊர்ப் பேருந்தில் போய்வரும் தொலைவுதான். உறவை அங்கிருந்து தொடங்குவோம்.